கருவி முதலா, கேள்வி முதலா?

பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். உலைப்பானையிலிருந்து ஒரு பருக்கையை எடுத்து விரலால் நசுக்கிப் பார்க்கும் நம் வீட்டுத் தாய்மார்கள், பானை முழுவதும் வெந்துவிட்டதா என்பதை அந்த ஒரு பருக்கையைக் கொண்டே சொல்லிவிடுகிறார்கள். உயிரியல் ஆய்வுக்கூடங்களில் ஆயிரக்கணக்கான மருந்துப்பொருள்களை உயிருள்ள செல்களின் மீது இட்டு, பயனுள்ளது எது, பயனற்றது எது என்று சலித்தெடுக்கும் சோதனைகளும் இத்தகைய பருக்கைப் பதம்தான். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. தாய் பருக்கையையே தொட்டுப் பார்க்கிறாள். ஆய்வாளனோ செல்லைத் தொடுவதில்லை. செல் தரும் ஒரு நிறத்தையோ, ஒரு ஒளியையோ கருவி எண்ணாக மாற்றித் தர, அந்த எண்ணைப் படித்துவிட்டு, 'செல் இறந்தது', 'செல் பிழைத்தது' என்று தீர்ப்புக் கூறுகிறான். இந்த நிறத்தையும் ஒளியையும் இக்கட்டுரையில் அளவுக்குறி என்று அழைக்கிறேன்.

எந்த அளவுக்குறியைத் தேர்வது, அதற்கு எந்தக் கருவியை வாங்குவது என்பது விலைப்பட்டியலைப் பார்த்து முடிவு செய்யும் காரியம் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். அது தவறு என்பதே என் கருத்து. கேள்வி முதலில் வரவேண்டும். அதற்கேற்ற அளவுக்குறி இரண்டாவதாக வரவேண்டும். கருவி மூன்றாவதாகத்தான் வரவேண்டும். இந்த வரிசை மாறினால் பணம் வீணாவதோடு நில்லாது, பொய்யும் பிறக்கும். இதனை நான் நூலில் படித்து மட்டும் சொல்லவில்லை, பட்டறிந்தும் சொல்கிறேன்.

நெல்லிக்காய் கற்பித்த பாடம்

முதுகலை ஆய்வுத்திட்டத்திற்காக வெளியூர் ஆய்வுக்கூடம் ஒன்றில் சில வாரங்கள் பணியாற்றும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. நெல்லிக்காய்ச் சாறு ஹீலா செல்களை என்ன செய்கிறது என்று காண்பதே என் வேலை. 96 குழிகள் கொண்ட தட்டில் செல்களை வளர்த்து, சாற்றை இட்டு, மறுநாள் எம்.டி.டி. என்னும் மஞ்சள் நிற உப்பைச் சேர்த்தேன். 1983ஆம் ஆண்டில் மோஸ்மன் என்பவர் வெளியிட்ட முறை இது. உயிருள்ள செல்லில் நடைபெறும் ஒடுக்க வினைகள் இந்த மஞ்சள் உப்பை ஊதா நிற ஃபார்மசான் படிகமாக மாற்றும். படிகத்தைக் கரைத்து, 570 நானோமீட்டர் ஒளியை அது எவ்வளவு உறிஞ்சுகிறது என்று பிளேட் ரீடரில் படித்தால், ஊதா மிகுந்த குழியில் உயிர் மிகுந்திருக்கிறது என்று பொருள் கொள்ளலாம். சோதனை எளிது, செலவும் குறைவு. நாட்டின் எத்தனையோ ஆய்வுக்கூடங்களில் இது அன்றாட வழக்கமானதில் வியப்பில்லை.

என் தட்டைக் கருவி படித்தது. சாறு இடாத குழிகளை 100 விழுக்காடு என்று வைத்தால், நெல்லிச்சாறு மிகுதியாக இட்ட குழிகள் 130 விழுக்காட்டைத் தாண்டி நின்றன. நெல்லிக்காய் செல்களுக்கு ஊட்டம் அளிக்கிறது என்று மகிழ்ந்து, தலைப்பைக்கூட மனத்தில் எழுதிவிட்டேன். அக்கூடத்தில் நெடுங்காலம் உதவியாளராக இருந்த அம்மையார் தட்டைக் கையில் வாங்கிப் பார்த்தார். "ஏன் தம்பி, செல் போடாத குழி எங்கே?" என்று ஒரே கேள்விதான் கேட்டார். அப்படி ஒரு குழியை நான் வைக்கவே இல்லை.

மறுநாள் வைத்தேன். செல்லே இல்லாத ஊடகத்தில் நெல்லிச்சாற்றையும் எம்.டி.டி.யையும் சேர்த்தேன். சற்று நேரத்தில் குழி ஊதாவாகிவிட்டது! நெல்லியில் உள்ள வைட்டமின் சி-யும் துவர்ப்புப் பொருள்களும் தாமே வலிய ஒடுக்கிகள். செல் செய்ய வேண்டிய வேலையைச் சாறே செய்து முடித்துவிட்டது. பின்னர், சாறு இட்ட புதிய தட்டு ஒன்றைத் தலைகீழ் நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்த்தபோது, பாதிக்கு மேற்பட்ட செல்கள் தரையை விட்டுப் பிரிந்து, உருண்டு, மிதந்து கொண்டிருந்தன. கருவி 130 என்றது. கண்ணோ சாவு என்றது. வெளுத்ததெல்லாம் பால் என்று எண்ணுகிறவனைப் போல, ஊதாவானதெல்லாம் உயிர் என்று எண்ணியிருந்தேன்.

கருவியின் மீது குற்றமில்லை. அது ஊதாவை மிகச் சரியாகவே அளந்தது. நான்தான் ஊதாவை உயிர் என்று மொழிபெயர்த்தேன்.

பெரியவர்களும் வழுக்கிய இடம்

'மாணவன் செய்த பிழையைக் கொண்டு முறையையே குறை கூறலாமா?' என்று நீங்கள் கேட்கலாம். பணமும் அறிவும் மிகுந்த இடங்களிலும் இது நேர்ந்திருக்கிறது.

மரபுச் செய்தியின் நடுவே தவறாக வந்து விழுந்த முற்றுப்புள்ளியால் சில பரம்பரை நோய்கள் உண்டாகின்றன. அந்தப் புள்ளியைத் தாண்டிச் செய்தியைப் படிக்க வைக்கும் மருந்தைத் தேடிப் பல இலட்சம் பொருள்களைச் சலித்தபோது கிடைத்த ஒன்றை, 2007ஆம் ஆண்டில் அறிவித்தார்கள். பி.டி.சி. 124 என்பது அதன் அடையாளப் பெயர். அட்டாலுரென் என்பது பின்னர் வழங்கிய மருந்துப் பெயர். தேடலுக்கு அவர்கள் கொண்ட அளவுக்குறி மின்மினிப் பூச்சியின் லூசிஃபெரேஸ் என்னும் நொதி. அந்நொதியின் மரபுச் செய்தியில் ஒரு பொய்ப்புள்ளியை வைத்து, அதனைச் செல்லுக்குள் புகுத்தினார்கள். மருந்து புள்ளியைத் தாண்டச் செய்தால் முழு நொதி உண்டாகும், செல் ஒளிரும். அழகான சிந்தனைதான்.

ஆனால் 2009ஆம் ஆண்டில் வேறொரு ஆய்வுக் குழுவினர் ஒரு செய்தியை வெளியிட்டனர். அந்தப் பொருள் லூசிஃபெரேஸ் நொதியையே இறுகப் பற்றிக்கொள்கிறது. பற்றப்பட்ட நொதி செல்லுக்குள் எளிதில் சிதைவதில்லை; ஆகவே நாளடைவில் மிகுதியாகச் சேர்கிறது. ஒளியும் கூடுகிறது. நொதியைத் தடுக்கும் பொருளே நொதியைப் பெருக்கும் பொருளாகத் தோற்றமளித்த விந்தை இது! ரெனில்லா என்னும் கடல்வாழ் உயிரியின் வேறுவகை லூசிஃபெரேஸைக் கொண்டு பார்த்தபோது அந்த ஒளிப்பெருக்கம் காணப்படவில்லை. 2013இல் பலவகை அளவுக்குறிகளைக் கொண்டு சோதித்த இன்னொரு குழுவினருக்கும் அவ்வாறே. மருந்தை உருவாக்கியவர்கள் வேறு சான்றுகளைக் காட்டி மறுத்தார்கள். வாதம் ஆண்டுக்கணக்கில் நீண்டது. மருத்துவத் தீர்ப்பை மருத்துவர்களுக்கே விட்டுவிடுவோம். நமக்கு வேண்டிய பாடம் இதுவே: ஒரே சாட்சியை நம்பித் தீர்ப்பு எழுதலாகாது. அந்தச் சாட்சி குற்றவாளிக்கு உறவினனாகவும் இருக்கக்கூடும்.

நம் வீட்டு மஞ்சளையே எடுத்துக்கொள்ளுங்கள். அதிலுள்ள குர்க்குமின் நீல ஒளியை உறிஞ்சிப் பச்சையாக ஒளிரும் இயல்புடையது. பச்சை ஒளிர்வை அளவுக்குறியாகக் கொண்ட சோதனையில் குர்க்குமினை இட்டால், கருவி காண்பது செல்லின் ஒளியா, மஞ்சளின் ஒளியா? பலவகைச் சோதனைகளிலும் இவ்வாறு பொய்யான வெற்றி காட்டும் பொருள்களுக்கு 2010ஆம் ஆண்டில் பெயல், ஹாலோவே ஆகிய இருவரும் ஒரு பட்டியலே வகுத்தார்கள். 2017இல் வெளிவந்த ஒரு விரிவான மறுஆய்வு, குர்க்குமினையும் அத்தகைய பொருள்களின் வரிசையில் வைத்து எச்சரித்தது. மூலிகை நாடாகிய நம் நாட்டில், நிறமும் துவர்ப்பும் நிறைந்த சாறுகளையே நாள்தோறும் சோதிக்கும் நமக்கு இந்த எச்சரிக்கை மிகவும் பொருந்தும்.

எண் சொல்வது என்ன?

அளவுக்குறி நேர்மையானதாகவே இருந்தாலும், அது எதைச் சொல்கிறது என்று அறிய வேண்டும். ஓர் எளிய கணக்கைப் பாருங்கள். ஹீலா செல்கள் ஏறத்தாழ ஒரு நாளுக்கு ஒருமுறை இரட்டிப்பாகின்றன. ஒரு குழியில் 10,000 செல்களை இட்டால் 48 மணி நேரத்தில் 40,000 ஆகும். மற்றொரு குழியில் ஒரு மருந்தை இடுகிறோம். அது ஒரு செல்லையும் கொல்லாமல், இரட்டிப்பதை மட்டும் நிறுத்திவிடுகிறது. அங்கே 10,000 செல்களே இருக்கும். இரண்டையும் ஒப்பிட்டால் 25 விழுக்காடு. உடனே நாம் என்ன எழுதுகிறோம்? 'இச்சாறு 75 விழுக்காடு புற்றுச் செல்களைக் கொன்றது' என்று எழுதுகிறோம். கொல்லப்பட்டது ஒன்றுகூட இல்லை!

மருந்திடும் வேளையிலேயே ஒரு தட்டை நிறுத்தி அளந்து வைத்திருந்தால் இந்தப் பிழை நேராது. அமெரிக்க நாட்டின் தேசியப் புற்றுநோய் நிறுவனம் 60 வகைப் புற்றுச் செல்களின் மீது மருந்துகளைச் சலிக்கத் தொடங்கியபோது, இந்தத் தொடக்க அளவைத் தன் கணக்கிலேயே சேர்த்துக்கொண்டது. எம்.டி.டி. போன்ற உப்புகளுக்கு மாறாக, செல்லின் புரதத்தைப் பற்றும் சல்ஃபோரோடமின் பி என்னும் சாயத்தை அது தேர்ந்தது. 1990இல் அம்முறை வெளியிடப்பட்டது. செல்லை நிலைநிறுத்திச் சாயமேற்றிய பின் அவசரமின்றி நிதானமாக அளக்கலாம் என்பது அதன் வசதி.

ஒவ்வொரு குறிக்கும் ஒவ்வொரு மொழி உண்டு. டிரைபேன் நீலம், உறை கிழிந்த செல்லைச் சுட்டும். எம்.டி.டி.யும் ரெசசூரினும் செல்லின் வளர்சிதை மாற்றத்தைச் சுட்டும். லூசிஃபெரேஸைக் கொண்டு ஏ.டி.பி.யை அளக்கும் முறை, செல்லின் ஆற்றல் இருப்பைச் சுட்டும். எல்.டி.எச். என்னும் நொதி ஊடகத்தில் தென்பட்டால் செல் கசிந்துவிட்டது என்று பொருள். இவற்றுள் ஒன்றும் 'உயிர்' என்ற சொல்லுக்கு முழு விளக்கம் ஆகாது. ஆகவே ஒன்றோடொன்று உறவில்லாத இரண்டு குறிகளாவது ஒத்துச் சொன்னாலன்றி முடிவு கூறாதிருப்பதே நேர்மை.

கருவியின் முறை வருகிறது

கேள்வியும் குறியும் தெளிந்தால், கருவி தானே தெரிந்துவிடும். நிறத்தைப் படிக்க உறிஞ்சளவை பிளேட் ரீடர் போதும். ஆனால் வாங்குமுன் வடிகட்டிகளைக் கேட்டறிய வேண்டும். நோய்க்குறி அறியும் கூடங்களுக்காகச் செய்யப்பட்ட எலைசா ரீடர்களில் 405, 450, 490, 630 நானோமீட்டர் வடிகட்டிகளே பெரும்பாலும் இருக்கும், எம்.டி.டி.க்கு வேண்டிய 570 இல்லாமற்போகலாம். அளவின் எல்லையையும் அறிய வேண்டும். உறிஞ்சளவு 1 என்றால் பத்தில் ஒரு பங்கு ஒளியே கடந்து வருகிறது. 2 என்றால் நூற்றில் ஒரு பங்கு. 3 என்றால் ஆயிரத்தில் ஒரு பங்கு. அந்த மங்கிய ஒளியில் படித்த எண்ணை மூன்று தசம இடம் வரை அச்சிட்டுக் காட்டுவதால் அது உண்மையாகிவிடாது.

தட்டின் நிறம்கூடக் கருவியின் ஒரு பகுதிதான். உறிஞ்சளவைக்குத் தெளிந்த தட்டு, ஃபுளோரசன்ஸுக்குக் கறுப்புத் தட்டு, செல் தானே உமிழும் மங்கலான ஒளியை அளக்க வெள்ளைத் தட்டு என்பது பொது வழக்கு. கறுப்பு, பக்கத்துக் குழியின் ஒளி கலவாமல் காக்கும். வெள்ளை, இருக்கும் ஒளியைச் சிதறவிடாமல் திருப்பித் தரும். 96 குழித் தட்டின் ஓரங்களில் மட்டும் 36 குழிகள் உள்ளன. அவற்றில் நீர் விரைவாக ஆவியாகும். அக்குழிகளில் வெறும் ஊடகத்தை நிரப்பி, உள்ளே உள்ள 60 குழிகளில் மட்டும் சோதிப்பது மலிவான அறிவு.

விலையுயர்ந்த கருவியே தேவைப்படும் கேள்விகளும் உண்டு. அதை மறுப்பது நேர்மையாகாது. ஒரு மருந்து செல்லின் ஏற்பியைத் தட்டியவுடன் செல்லுக்குள் கால்சியம் சில வினாடிகளில் பொங்கி எழுந்து அடங்கத் தொடங்கிவிடும். ஒவ்வொரு குழியாக நகர்ந்து படிக்கும் சாதாரணக் கருவி கடைசிக் குழியை அடையுமுன் திருவிழா முடிந்துவிடும். அங்கே தட்டு முழுவதற்கும் ஒரே நேரத்தில் மருந்தை இட்டு, ஒரே நேரத்தில் படம்பிடிக்கும் கருவிதான் வேண்டும். அவ்வாறே செல்லின் உள்ளுறுப்புகளின் வடிவ மாற்றம் கேள்வியாக இருந்தால், தானியங்கி நுண்ணோக்கி வேண்டும். ஆனால் அப்போதும் கணக்குப் பார்க்க வேண்டும். ஒரு தட்டில் 96 குழிகள், குழிக்கு 4 இடங்கள், இடத்திற்கு 3 நிறங்கள் என்றால் 1,152 படங்கள். படத்திற்கு 8 மெகாபைட் என்று வைத்தால், ஒரே தட்டுக்கு ஏறத்தாழ 9 ஜிகாபைட். அவற்றைச் சேமிக்க இடமும், படித்துப் பொருள் சொல்ல ஆளும் இல்லாத துறைக்கு அந்தக் கருவி வெள்ளை யானை.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்றார்கள் முன்னோர். அளக்கும் முறையையே அளப்பதற்கும் ஒரு வழி உண்டு. 1999ஆம் ஆண்டில் சாங், சுங், ஓல்டன்பர்க் ஆகிய மூவரும் இசட்-பிரைம் என்னும் காரணியை வகுத்தனர். உயிருள்ள குழிகளின் சராசரிக்கும், கொல்லப்பட்ட குழிகளின் சராசரிக்கும் உள்ள இடைவெளியைப் பார். இரு கூட்டங்களின் திட்ட விலக்கங்களைக் கூட்டி மூன்றால் பெருக்கு. அதை இடைவெளியால் வகுத்து, ஒன்றிலிருந்து கழி. அவ்வளவுதான். சராசரிகள் 1.20, 0.20 என்றும், விலக்கங்கள் 0.05, 0.03 என்றும் வைத்துக்கொள்வோம், விடை 0.76. இது நல்ல சோதனை. அதே சராசரிகளோடு விலக்கங்கள் 0.15, 0.10 ஆனால் விடை 0.25 ஆகச் சரிந்துவிடும். 0.5க்கு மேல் இருந்தால் சலிப்பதற்குச் சிறந்தது என்பது பொது வழக்கு. கவனியுங்கள்: இரண்டு நிலையிலும் கருவி ஒன்றே. மாறியது பிப்பெட் பிடித்த கையாகவும் இருக்கலாம். இக்கணக்கிற்குத் தனிக் கருவி ஒன்றும் வேண்டாம். காகிதமும் பென்சிலும் போதும்.

நம் கல்லூரிக்கு என்ன?

'பெரிய கருவி இல்லாவிட்டால் நம் கட்டுரையை யார் வெளியிடுவார்கள்? மார்ச் மாதத்திற்குள் செலவிடாவிட்டால் ஒதுக்கிய பணம் திரும்பிவிடுமே!' என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களது கவலை நியாயமானதே. ஆனால் கூரை ஏறிக் கோழி பிடிக்கத் தெரியாதவன் வானம் ஏறி வைகுண்டம் காட்டுவானா? பல முறைகளில் அளக்கும் ஒரு பெரிய கருவியை வாங்கி, பழுது பார்க்கப் பணமின்றித் துணி போர்த்தி வைப்பதைவிட, அதே பணத்தில் நல்ல தலைகீழ் நுண்ணோக்கி ஒன்றும், செல் எண்ணும் கண்ணாடி சிலவும், வேண்டிய வடிகட்டிகளோடு எளிய பிளேட் ரீடர் ஒன்றும், ஆண்டுதோறும் சரிபார்க்கப்படும் பிப்பெட்டுகளும் வாங்கினால் ஒவ்வொரு மாணவனும் மாணவியும் தம் கையால் தொட்டுப் பழகலாம். கால்சியம் போன்ற கேள்வி எழும்போது, அக்கருவி உள்ள பல்கலைக்கழகத்திற்குத் தட்டோடு செல்வோம். அதில் இழிவு ஒன்றுமில்லை.

இது கருவிகளைப் பற்றிய சிறு சச்சரவு என்று எண்ணிவிடாதீர்கள். 'இந்தச் சாறு புற்றுநோயைக் கொல்லும்' என்ற வரி நம் ஆய்வேட்டிலிருந்து நாளிதழுக்குப் போகிறது. நாளிதழிலிருந்து ஒரு நோயாளியின் வீட்டுத் திண்ணைக்குப் போகிறது. அங்கே ஒரு தாய், மருத்துவமனைக்குப் போகும் நாளைத் தள்ளிப்போட்டுவிட்டுச் சாறு பிழியத் தொடங்கினால், நாம் வைக்க மறந்த ஒரு வெற்றுக் குழிக்கு அவள் விலை கொடுக்கிறாள்.

ஆகவே மாணவ நண்பர்களே, அடுத்த தட்டைத் தொடுமுன் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். நான் அறிய விரும்புவது சாவா, தளர்ச்சியா, வளர்ச்சித் தடையா? என் குறி அதைத்தான் சொல்கிறதா? செல் இல்லாத குழியில் என் சாறு என்ன செய்கிறது? உறவில்லாத இரண்டாவது சாட்சி எங்கே? இந்நான்கிற்கும் விடை எழுதிய பிறகு விலைப்பட்டியலைத் திறவுங்கள். மதிப்பிற்குரிய விரிவுரையாளர்களுக்கும் என் பணிவான வேண்டுகோள் ஒன்று உண்டு. செய்முறைத் தேர்வில், 'எத்தனை விழுக்காடு வந்தது?' என்று கேட்பதோடு, அந்த அம்மையார் என்னைக் கேட்ட கேள்வியையும் கேளுங்கள். அக்கேள்விக்கு விடை சொல்லக் கற்ற மாணவன் எந்தக் கருவியின் முன்னும் ஏமாறமாட்டான்.